பேச்சு நின்றுபோன உடன்பிறப்புகள்: குறும்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடன்பிறந்தவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்றால் அவர்களுக்கிடையே எதுவுமே நடப்பதில்லை என்று எண்ணிக்கொள்வதுதான் இவ்வகைக் குறும்படங்களில் அடிக்கடி நேரும் தவறு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் பேச்சு நின்ற பிறகும் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. கிணறு கூட்டுக் கிணறாக இருக்கும். மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கும். தண்ணீர் முறை மாறும் நாளில் தம்பி தன் மகனை அனுப்பி, "பெரியப்பாகிட்ட மோட்டார் சாவி வாங்கிட்டு வா" என்பார். அந்தப் பையன் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடப்பதை மட்டும் பொறுமையாகக் காட்டினால், பத்து நிமிடப் படத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இதை நம்பாதவர்களே, "நீ என் கூடப்பிறந்த தம்பிடா" என்று பாத்திரங்களை ஒருவருக்கொருவர் உறவுமுறை சொல்ல வைக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாதா என்ன?

சொத்துத் தகராறைக் கதையின் காரணமாக வைப்பவர்கள் சட்டத்தைச் சரிபார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. மூதாதையர் சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஒரு பாத்திரம் சொல்லலாம், ஆனால் படம் அதையே உண்மையாகக் கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989ஆம் ஆண்டு வந்த திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தது, எனினும் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியிருந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த விலக்கின்றி மகள்களுக்கு உரிமை வழங்கியது, 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளைத் தொடாமல் விட்டது. ஆகவே அக்காவின் திருமணம் எந்த ஆண்டில் நடந்தது, பத்திரம் எப்போது பதிவானது என்பவற்றைத் திரைக்கதை எழுதும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். இந்தச் சட்ட விவரம் நாடகத்துக்கும் கைகொடுக்கும்: அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வந்த நாளில், ஆண்டுக்கணக்காக முகம் பார்க்காத மூவரும் சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் டோக்கன் எண்ணுக்காக ஒன்றாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். சண்டைக் காட்சியைவிட அந்தக் காத்திருப்பு கனமானது.

யாரையாவது ஒருவரைக் கெட்டவராக்கிவிடுவதும், பெரும்பாலும் அந்தப் பழியை மருமகள் தலையில் கட்டுவதும் சோம்பேறித்தனமே தவிர வேறில்லை.

சமரசத்துக்குச் சாவையும் மருத்துவமனையையும் தேடி ஓடுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மா ஒருமுறை இருமியதுமே பார்வையாளர் முடிவைக் கணித்துவிடுகிறார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும் வழக்கமுள்ள நம் ஊரில், பகை எங்கே உறுத்தும் என்பதற்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை. ஆனால் கடைசி நிமிடத்தில் மாமன் சீர்த்தட்டோடு வந்து நிற்பதும் தேய்ந்துபோன முடிவுதான். அவர் வராமல், தங்கையின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள, பந்தியில் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிடுவதாக எழுதிப் பாருங்கள். படம் சமரசத்தில் முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இருக்காது.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். சந்தூர், பர்கூர் பக்கத்து மாந்தோப்பில் படமெடுக்கும்போது, கதை தைப் பொங்கலில் நடக்க, பின்னணியில் பழுக்கும் நிலையில் காய்கள் தொங்கினால் உள்ளூர்ப் பார்வையாளர் அந்த நொடியே படத்தைவிட்டு விலகிவிடுவார்; தை, மாசி பூவெடுக்கும் காலம், அறுவடை சித்திரையில்தான் சூடுபிடிக்கும்.

மௌனத்தை நம்பும் படம் என்பதால் ஒலியில் செய்யும் பிழை மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரியும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44க்கு அருகில் வீடு அமைந்துவிட்டால் லாரிகளின் இரைச்சல் இரவிலும் ஓயாது. அதை மறைக்க வயலின் இசையை நிரப்பாமல், நடிகர்கள் யாரும் பேசாத நேரத்தில் அந்த இடத்தின் ஓசையை ஓரிரு நிமிடங்கள் தனியே பதிவுசெய்துகொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் படத்தொகுப்புக்கு உட்கார்ந்தால், ஒவ்வொரு வெட்டிலும் ஓசை அறுபட்டுக் கேட்கும்.