நாய் கடித்த பிறகு: ஊசி, பத்து நாள் காவல், புகார்

முதலில் குழாயடிக்குப் போங்கள். கடிவாயில் தண்ணீர் நேராக விழும்படி பிடித்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். துணி துவைக்கிற சோப்பானாலும் சரி. ரேபிஸ் (வெறிநோய்) கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். கிருமி நரம்பில் ஏறுவதற்கு முன்பே கடிவாயில் அதன் எண்ணிக்கையைக் குறைக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் பலரும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை சதையை அரித்துப் புண்ணைப் பெரிதாக்கும். இறுக்கிக் கட்டவும் கூடாது.

அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. தமிழ்நாட்டில் நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். தெருமுனை கிளினிக்கில் டி.டி. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு, நாய்க்கடி ஊசி போட்டாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. டி.டி. டெட்டனஸ் என்ற தசைவிறைப்பு நோய்க்கானது. ரேபிஸை அது தடுக்காது. என்ன ஊசி போட்டார்கள் என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கடியை மூன்று வகையாகப் பிரிப்பார். நல்ல தோலில் நாய் நக்கியது, தொட்டது முதல் வகை, ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறல், தோலை லேசாகக் கவ்வியது இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். தோலைத் துளைத்து ரத்தம் வந்த கடி, புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது மூன்றாம் வகை. தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். சீரம் என்பது இம்யூனோகுளோபுலின். தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்பு உருவாகச் சில நாள் ஆகும். அதுவரை கடிவாயைக் காப்பது சீரம்தான். எடைக்கு ஏற்ப அளவிட்டு (குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் 20) கடிவாய்க்குள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். வலிக்கத்தான் செய்யும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் சீரம் போடக்கூடாது. அதனால் அங்கே இருப்பில் இல்லையென்றால் அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். தையல் தவிர்க்க முடியாது என்றால் அதுவும் சீரத்துக்குப் பிறகுதான்.

அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறை: இரண்டு மேல்கையிலும் 0.1 மி.லி., 0, 3, 7, 28ஆம் நாட்களில். தனியாரில் பெரும்பாலும் தசையில். அதற்கு 0, 3, 7, 14, 28 என ஐந்து ஊசி. பிட்டத்தில் போடுவது தவறு. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாகச் சேராது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தயங்க வேண்டாம். முன்பே முழுச் சுற்றும் போட்டு முடித்தவரை மறுபடி கடித்தால், 0, 3 என இரண்டு ஊசி, சீரம் வேண்டாம். அந்தப் பழைய சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பத்து நாள் காவல்

கடித்த நாயைப் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனிப்பதுதான் காவல். ஊசிக்கும் இதற்கும் தனித்தனிக் கணக்கு. ஊசியில் முதல் ஊசி போட்ட நாள்தான் 0. நாயைக் கவனிப்பதில் கடித்த நாள் 0. ஞாயிறு இரவு கடித்து, திங்கள் காலை ஊசி போட்டால், அடுத்த ஊசிகள் வியாழன், மறு திங்கள், பிறகு 28ஆம் நாள் வரும் திங்கள். நாயின் காவல் மறுவாரம் புதன்கிழமை முடிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். “நாய்க்கு என்ன ஆகிறது பார்க்கலாம், அப்புறம் ஊசி போடலாம்” என்று காத்திருப்பதுதான் உயிரைக் கொல்கிற தவறு. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

ஏன் பத்து நாள்? எச்சிலில் கிருமி வரத் தொடங்கிய நாய் சில நாட்களுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும். பத்தாம் நாள் அது நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அப்போது தசையில் போடுகிறவர்களுக்கு மருத்துவர் 14ஆம் நாள் ஊசியை விட்டுவிட்டு 28ஐ மட்டும் போடலாம். தோலுக்குள் போடுகிறவர்கள் முழுச் சுற்றையும் முடிக்க வேண்டும். இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். குரங்கு, கீரி, நரி, மாடு கடித்தால் இது செல்லாது.

காவலை வீட்டிலேயே வைக்கலாம். தனி அறை அல்லது கூண்டு, தனித் தட்டு, ஒரே ஆள் மட்டும் சோறு வைப்பது, பிள்ளைகளும் மற்ற நாய் பூனைகளும் அருகே போகாதது. முதல் நாளும் கடைசி நாளும் கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். இடையில் அவசரப்பட்டு நாய்க்கு ரேபிஸ் ஊசி போடாதீர்கள். வருகிற காய்ச்சலும் சோர்வும் கவனிப்பைக் குழப்பும். யாருக்கும் கொடுத்துவிடவோ ஊர் எல்லையில் விடவோ கூடாது. நாய் காணாமல் போனால் கடிபட்டவர் முழுச் சுற்றும் போட்டே ஆக வேண்டும்.

தினமும் பாருங்கள்: சோறு, தண்ணீர் விழுங்குகிறதா, குரைப்பு கரகரக்கிறதா, பின்னங்கால் இழுக்கிறதா, இருட்டில் ஒதுங்குகிறதா. வெறி என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்பது பாதி உண்மைதான். ஊமை வெறி பிடித்த நாய் சாதுவாகக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கை விடுவார். மாட்டிலும் இப்படித்தான்: விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டுக்குக் கையால் மருந்து புகட்டியவர் அனைவரும் ஊசி போட வேண்டியவராகிறார்.

யாரிடம் சொல்வது

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009இன் பட்டியலில் ரேபிஸ் உண்டு. சந்தேகம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிப்பதும், அந்த விலங்கை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பதும் உரிமையாளரின் கடமை. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கும் நேரே சொல்லிவிடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். தெருநாய் என்றால் நகராட்சி, மாநகராட்சி, சென்னையில் 1913 என்ற தொலைபேசி எண். இடம், நேரம், நாயின் நிறம், காதில் வெட்டு அடையாளம் (கருத்தடை செய்த நாய்க்கு இடுவது) இருக்கிறதா, எத்தனை பேரைக் கடித்தது என்று சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு (ABC) விதிகள், 2023இன்படி வெறி உறுதியாகத் தோன்றும் தெருநாயைத் தனியாக அடைத்து, இயற்கையாக இறக்கும்வரை வைப்பார்கள்.

வளர்ப்பு நாயை அலட்சியமாக விட்டுக் கடிபட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291ஆம் பிரிவில் போலீசில் புகார் கொடுக்கலாம். ஆறு மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மருத்துவமனைச் சீட்டில் “நாய்க்கடி” என்று தேதியோடு எழுதியிருப்பது அங்கே உதவும்.

சந்தேகப்பட்ட நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அது குற்றம், தவிர, நோயை உறுதிசெய்யும் பரிசோதனை மூளையில்தான் நடக்கும், மண்டை நசுங்கினால் அதுவும் போயிற்று. காவலில் இறந்தால் உடனே புதைக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையுறை போட்டு, இரண்டு பாலித்தீன் பைக்குள் வைத்து, சுற்றிலும் பனிக்கட்டி அடுக்கி வையுங்கள். ஃபார்மலின் ஊற்றினால் வழக்கமான பரிசோதனை செய்ய முடியாது. தலையை நீங்களே வெட்டவும் கூடாது. முடிவு வரும்வரை கடிபட்டவரின் ஊசி ஒரு நாளும் தவறக்கூடாது. அந்த நாய் கடித்த மற்ற வளர்ப்பு நாய்களுக்கும் அன்றே கடிவாய் கழுவி 0, 3, 7, 14, 28 என ஊசி தொடங்க வேண்டும்.