சுற்றுலாத் துறை ஆட்சேர்ப்பில் பன்முகத்தன்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல தரப்பினரும் ஏற்கெனவே பணியாற்றும் துறை இது, ஆகவே தனி முயற்சி எதுவும் தேவையில்லை என்று எண்ணுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் சுற்றுலாப் பணியாளர்களில் 54 விழுக்காட்டினர் பெண்கள். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் அது 39 விழுக்காடுதான். ஆனால் சுற்றுலாத் துறையில் பெண்களின் ஊதியம் ஆண்களின் ஊதியத்தைவிட 14.7 விழுக்காடு குறைவு என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. அறைகளைத் துப்புரவு செய்வோரையும் பொது மேலாளர்களையும் ஒரே கணக்கில் கூட்டினால், எந்த விடுதியும் பன்முகத்தன்மை மிக்கதாகவே தோன்றும். பதவி வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் குறை எங்கே என்பது புலப்படும்.

இத்துறைக்கே உரிய தவறு ஒன்று உண்டு: "வாடிக்கையாளர்கள் இப்படிப்பட்டவரைத்தான் விரும்புவார்கள்" என்ற காரணம். பான் ஆம் விமான நிறுவனம் விமானப் பணிக்கு ஆண்களை எடுக்க மறுத்தபோது, பயணிகள் பெண்களையே விரும்புகிறார்கள் என்று வாதிட்டது. பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பதே விமான நிறுவனத்தின் முதன்மைப் பணி என்றும், அவர்களுடைய விருப்பத்தைக் காட்டி ஒரு பாலினத்தவரை ஒதுக்க முடியாது என்றும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971-இல் தீர்ப்பளித்தது. அந்த வாதம் இன்றும் மறைந்துவிடவில்லை. "கவர்ச்சியான தோற்றம்", "இளமைத் துடிப்பு" என்று விளம்பரங்களில் வேறு பெயர்களில் உலவுகிறது. வரவேற்பு மேசையில் இருப்பவர் விருந்தினரின் பதிவைச் சரிபார்க்க வேண்டும், குழப்பத்தைப் பொறுமையாகத் தீர்க்க வேண்டும். இதற்கு வயதோ நிறமோ தகுதியாகாது. சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவர் பயணத் திட்டம் வகுக்கும் பணிக்கு விண்ணப்பித்தால், அவரால் முடியுமா என்று நேர்காணல் செய்பவரே ஊகித்து முடிவெடுப்பதும் இதே வகைப் பிழைதான். என்ன வசதி தேவை என்று அவரிடமே கேட்பது முறை.

பருவகால அவசரத்தில் ஆள் எடுக்கும்போது, பணியாளர்களின் நண்பர்களையும் உறவினர்களையும் கொண்டே இடங்களை நிரப்பிவிடுகிறார்கள். செலவும் நேரமும் மிச்சமாவது உண்மைதான். ஆனால் இருப்பவர்களைப் போன்றவர்களே மீண்டும் வந்து சேர்வார்கள். பரிந்துரைகளை ஏற்றாலும், காலியிடங்களைப் பொதுவில் அறிவிக்காமல் விடக்கூடாது.

விண்ணப்பங்கள் குவிவதால் அவற்றை மென்பொருளிடம் ஒப்படைப்பது பாரபட்சத்துக்குத் தீர்வாகிவிடாது. பழைய தற்குறிப்புகளைக் கொண்டு பழக்கப்பட்ட அமேசானின் சோதனை மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களுக்குக் குறைந்த மதிப்பளித்ததும், நிறுவனம் அதைக் கைவிட்டதும் 2018-இல் செய்தியாயின. கடந்த காலத் தேர்வுகளில் இருந்த சாய்வை இயந்திரமும் கற்றுக்கொண்டுவிடுகிறது.

நேர்காணலில் "நம் குழுவுக்குப் பொருந்துவாரா?" என்ற கேள்வியும் ஐயத்துக்குரியதே, பெரும்பாலும் அது "நம்மைப் போல இருக்கிறாரா?" என்பதன் நாகரிகமான வடிவம். எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோல்படி மதிப்பெண் இடுவது இதைக் குறைக்கும்.

வேலை நேரத்தைப் பற்றி விளம்பரத்தில் மௌனம் காப்பதும் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. "எந்த ஷிப்டிலும் பணியாற்றத் தயாராக இருக்க வேண்டும்" என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு, குழந்தை வளர்ப்பவர்களும் முதியோரைப் பராமரிப்பவர்களும் விண்ணப்பிக்காமலே விலகிவிடுவார்கள். எந்தப் பணிக்கு இரவு ஷிப்ட் உண்மையில் தேவை, முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், இரவில் வீடு திரும்ப நிறுவனம் வாகனம் தருமா என்பவற்றை விளம்பரத்திலேயே எழுதிவிட வேண்டும்.