கேபிளை வெட்டும் முன்: ரேடியோ அலையின் வேகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆன்டெனா கட்டும்போது நானும் கூட உட்காருவதுண்டு. எங்கள் செட்டில் எல்லோரும் தடுக்கிய இடங்களிலேயே இவர்களும் தடுக்குகிறார்கள். தசமப் புள்ளி இடம் மாறுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்று நினைப்பது

வெற்றிடத்தில் கூடாது. மீடியம்வேவ், வைஃபை, ஒளி, எக்ஸ் கதிர், காமா கதிர் எல்லாமே விநாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர்தான். 2009 மே 10 அன்று ஃபெர்மி விண்தொலைநோக்கி பதிவு செய்த காமா வெடிப்பு 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்து வந்தது. அப்படியும் அதன் மிக அதிக ஆற்றல் கொண்ட ஃபோட்டான், வெடிப்பு தெரியத் தொடங்கி ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது.

கேபிளுக்குள்ளும் அதே வேகம் என்று வெட்டுவது

இதுதான் காசைக் கரைக்கும் தவறு. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர், அரை அலை 1.03 மீட்டர். ஆனால் ஆர்ஜி-58 கேபிளில் நடுக்கம்பியைச் சுற்றிக் கெட்டியான பாலிஎதிலீன் இருக்கிறது. அலை அதற்குள் 0.66 மடங்கு வேகத்தில்தான் போகும். ஆகவே கேபிளை ஆன்டெனாவோடு பொருத்தும் பாலன் (balun) என்ற அரை அலைத் துண்டுக்கு வெட்ட வேண்டியது 68 சென்டிமீட்டர்.

சரி, இது தெரிந்தால் போதுமா? போதாது. ஒரு தம்பி விலை கூடிய ஃபோம் கேபிள் வாங்கி, பழைய வரைபடத்தில் இருந்த 68 சென்டிமீட்டருக்கே எல்லாத் துண்டுகளையும் வெட்டிவிட்டார். ஃபோமில் காற்றுக்குமிழிகள் இருப்பதால் வேகம் கூடுதல். அந்தக் கேபிளில் 0.8, அதாவது 83 சென்டிமீட்டர் வேண்டும். பொருத்தம் எவ்வளவு மோசம் என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவு இறங்கவே இல்லை. குறை ஆன்டெனாவில்தான் என்று நினைத்து அதன் கம்பிகளையும் அறுத்துக் குட்டையாக்கினார். வெட்டியதை ஒட்ட முடியுமா? கேபிளின் பெயரைச் சொல்லாமல் நீளத்தை மட்டும் போடும் வரைபடங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஆன்டெனா கம்பிக்கும் 0.66 போடுவது

வேண்டாம். கம்பி காற்றில் இருக்கிறது.

கேபிளுக்குள் அதிர்வெண்ணும் மாறும் என்பது

மாறாது. குறைவது அலைநீளம்.

கேபிள் வேக அட்டவணையை அப்படியே நம்புவது

அளந்து பாருங்கள். சரியாக 1 மீட்டர் கேபிளின் ஒரு முனையை ஆன்டெனா அனலைசரில் (மின்மறுப்பை, அதாவது impedance-ஐ அளக்கும் கருவி) மாட்டி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். அதிர்வெண்ணைக் கீழிருந்து ஏற்றும்போது மின்மறுப்பு முதன்முதலாகச் சுழியை ஒட்டி இறங்கும் இடத்தைக் குறித்து, அதை 75-ஆல் வகுங்கள். 49.5 மெகாஹெர்ட்ஸில் இறங்கினால் 0.66, 60-ல் இறங்கினால் 0.8. அப்புறம் கத்தரியை எடுக்கலாம்.