சிங்கப்பூரில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு: சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது எப்படி

தினமும் வேலை தொடங்கிய நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடிந்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அன்று இரவே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி நிற்கும். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிய நோட்டுக்கு மதிப்பு குறைவு. சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தில் சேராது.

மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளிக்கு ஓ.டி. உண்டு. மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் (52 வாரம் × 44 மணி) வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓ.டி. கூலி அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படைச் சம்பளத்தில் அலவன்ஸைச் சேர்க்கக் கூடாது.

அடிப்படை 800 வெள்ளி, ஓ.டி. 30 மணி என்றால்: 9,600 ÷ 2,288 × 1.5 × 30 = 188.81 வெள்ளி.

பணம் குறைவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான். மாத 800 வெள்ளியை 26 நாள் × 8 மணி என்று 208-ஆல் வகுத்தால் 173.08 வெள்ளிதான் வரும். 15.73 வெள்ளி போயிற்று, அதுவும் மாதாமாதம்! சீட்டில் இதை முதலில் பாருங்கள்.

ஓய்வு நாள் வேலையை இதோடு கலக்காதீர்கள். முதலாளி கேட்டு அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். வழக்கமான நேரத்தையும் தாண்டினால்தான் அதற்கு மேல் ஓ.டி.

சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் ஓ.டி. பணம் வந்தாக வேண்டும். வேலையை விட்டவர்கள் 6 மாதத்துக்குள் டிஏடிஎம்மில் (TADM, சம்பளத் தகராறுகளைத் தீர்க்க உதவும் அமைப்பு) புகார் கொடுக்க வேண்டும்.