அட்லாண்டிக் கடந்து வந்த முதல் மூதாதை: காலனி அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயரின் சொந்த ஊரைக் கண்டறியும் முறை

அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடத் தொடங்குவோர், முதல் மூதாதை எந்தக் கப்பலில் வந்தார் என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். 1607-இல் ஜேம்ஸ்டவுன் உருவானது முதல் 1776 வரை வந்திறங்கிய ஆங்கிலேயர்களில் மிகப் பலருக்குக் கப்பல் பட்டியல் எதுவும் இன்று கிடைப்பதில்லை. வந்திறங்கும் பயணிகளின் பெயர்களை அமெரிக்கத் துறைமுகங்களில் முறையாக எழுதி மத்திய அரசிடம் ஒப்படைக்கும் வழக்கம் 1820-இல்தான் தொடங்கியது. ஆகவே கப்பலைத் தேடுவதில் நாட்களைச் செலவிடாமல், இங்கிலாந்தின் எந்த ஊரில், எந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள் அவர் பிறந்து வளர்ந்தார் என்ற கேள்வியையே இலக்காகக் கொள்ளுங்கள். அதற்கான விடை பெரும்பாலும் அமெரிக்க ஆவணங்களிலிருந்தே கிடைக்கத் தொடங்கும் என்பதால், இந்த விளக்கத்தின் பெரும்பகுதி கடலின் மேற்குக் கரையிலேயே நடக்கிறது.

முதல் படி: அமெரிக்கப் பக்கத்தை முழுமையாக முடித்தல்

உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த தலைமுறையிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும், அதாவது இவர் இன்னாருடைய மகன் அல்லது மகள் என்பதற்கு, அக்காலத்து ஆவணம் ஒன்றையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பிறர் ஏற்றி வைத்திருக்கும் வம்ச மரங்கள் தடயங்களாகப் பயன்படுமே தவிரச் சான்றாகா. "மூன்று சகோதரர்கள் சேர்ந்து வந்தார்கள், ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே போனார், ஒருவர் மேற்கே போனார்" என்ற கதை எண்ணற்ற அமெரிக்கக் குடும்பங்களில் வழங்குகிறது. ஒரே குடும்பப்பெயர் கொண்ட, உறவே இல்லாத குடும்பங்களை இணைப்பதற்காகப் பிற்காலத்தில் கட்டப்பட்ட கதையாகவே அது பெரும்பாலும் முடிகிறது.

பிறகு, வந்து குடியேறியவர் பெயர் இடம்பெறும் ஒவ்வொரு பதிவையும் திரட்டுங்கள். எங்கே தேடுவது என்பது அவர் குடியேறிய காலனியைப் பொறுத்தது. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊராட்சிக் குறிப்புகளும், தேவாலயத்தில் உறுப்பினராகச் சேர்ந்தோர் பட்டியல்களும், வாக்குரிமை பெற்றோர் பட்டியல்களும், உயில்களும், நீதிமன்ற வாக்குமூலங்களும் ஏராளமாக எஞ்சியிருக்கின்றன. வாக்குமூலம் அளித்தவரின் வயதும் பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதால் பிறந்த ஆண்டைத் தோராயமாகக் கணிக்கலாம். 1638 முதல் 1641 வரை பாஸ்டனில் ஆவணம் எழுதிக் கொடுத்த தாமஸ் லெச்ஃபோர்டின் குறிப்பேட்டையும், 1644 முதல் 1651 வரையிலான வில்லியம் ஆஸ்பின்வாலின் பதிவுகளையும் எவரும் தவறவிடக் கூடாது. இங்கிலாந்தில் தமக்கு வரவேண்டிய சொத்தையோ கடனையோ பெற்றுவருமாறு குடியேறியவர்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரங்கள் அவற்றில் உள்ளன. அப்பத்திரங்களில் சொந்த ஊரின் பெயரும் அங்குள்ள உறவினரின் பெயரும் நேரடியாகவே கிடைப்பதுண்டு.

வர்ஜீனியாவின் நிலை வேறு. அங்கே, ஒருவரை அழைத்துவரும் செலவை ஏற்றவருக்கு, வந்த தலை ஒன்றுக்கு 50 ஏக்கர் நிலம் என்ற உரிமை 1618-இல் ஏற்படுத்தப்பட்டது. அந்த நில ஆவணங்களில் அழைத்துவரப்பட்டவர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. ரிச்மண்டில் இருக்கும் வர்ஜீனியா நூலகம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது. ஆனால் நிலப் பத்திரத்தின் ஆண்டை வருகை ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமையைப் பிறருக்கு விற்பதும், பல ஆண்டுகள் கழித்து அதைக் கோருவதும், ஒரே ஆளுக்காக இருமுறை நிலம் கோருவதும் அங்கே சாதாரணமாக நடந்தன. பத்திரம் உறுதியாகச் சொல்வது, அந்த நாளுக்கு முன்பே அவர் வந்துவிட்டார் என்பதை மட்டுமே.

பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பமாக இருந்தால் உங்கள் வேலை வெகுவாக எளிதாகும். ஒரு கூட்டத்திலிருந்து, அதாவது உள்ளூர்ச் சபையிலிருந்து, மற்றொன்றுக்குச் செல்லும் உறுப்பினருக்கு அவர்கள் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார் என்பது அமெரிக்கக் கூட்டத்தின் குறிப்பேட்டிலேயே இருக்கக்கூடும். மேரிலாந்திலோ வர்ஜீனியாவிலோ 1718-க்குப் பின் தோன்றியவர், நாடு கடத்தப்பட்ட கைதியாகவும் இருக்கலாம். கைதிகளை நாடு கடத்த வகைசெய்த 1718-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1775 வரை சுமார் 50,000 பேர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்ற விசாரணைகள் 1674 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படி ஒருவர் கிடைத்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. கைதிகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு ஏழைத் தொழிலாளர்களைப் பற்றி அக்காலத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாம் படி: நாளையும் உறவுச் சொற்களையும் சரியாகப் படித்தல்

1752 வரை ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-ஆம் நாள்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி நாட்களும் மார்ச்சின் முற்பகுதியும் பழைய ஆண்டின் கணக்கிலேயே எழுதப்பட்டன. 1637/8 என்ற இரட்டை ஆண்டைக் கண்டால் நம் இன்றைய கணக்கில் அது 1638 என்று கொள்க. நியூ இங்கிலாந்தின் தூய்மைவாதிகளும் (பியூரிட்டன் கிறித்தவர்கள்) குவேக்கர்களும் மாதங்களை எண்ணால் குறித்தார்கள். மார்ச் அவர்களுக்கு முதல் மாதம். ஆகவே '20, 12-ஆம் மாதம், 1637' என்பது டிசம்பரைக் குறிக்காது. அது 1638 பிப்ரவரி 20. இதை அறியாமல், திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகவும், இறந்தவர் உயில் எழுதியதாகவும் முடிவுகட்டிய வம்ச வரலாறுகள் பல உண்டு.

உறவுச் சொற்களும் அப்படியே ஏமாற்றும். 17-ஆம் நூற்றாண்டு உயிலில் 'கசின்' என்பது உடன்பிறந்தாரின் பிள்ளையாக இருக்கலாம். 'சன்-இன்-லா' என்பது மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த மகனாக இருக்கலாம். 'பிரதர்' என்பது மைத்துனரையோ ஒரே தேவாலயத்து உறுப்பினரையோ குறிக்கலாம். 'சீனியர்', 'ஜூனியர்' என்று எழுதப்பட்ட இருவர் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் வாழ்ந்த மூத்தவரும் இளையவருமாக மட்டும் இருக்கலாம்.

மூன்றாம் படி: சுற்றத்தாரைப் பின்தொடர்தல்

தொடக்கநிலையினர் கடைசியாகச் செய்வதும், முதலில் செய்திருக்க வேண்டியதும் இதுதான். அக்காலத்தில் தனி ஆளாகக் கடல் கடந்தவர்களைவிட, ஊரோடும் உறவோடும் போதகரோடும் கடந்தவர்களே நியூ இங்கிலாந்தில் மிகுதி. 1620 முதல் 1640 வரை அங்கே வந்த சுமார் 20,000 பேரில் பலர், மதக் கெடுபிடியால் இங்கிலாந்தை விட்டு வெளியேறிய போதகர் ஒருவரைச் சுற்றி வந்தவர்கள். லிங்கன்ஷையரின் பாஸ்டன் ஊரிலிருந்து ஜான் காட்டன் 1633-இல் வந்தார். யார்க்ஷையரின் ரௌலியிலிருந்து எசேக்கியல் ரோஜர்ஸ் தம் மக்களோடு 1638-இல் வந்து, மாசசூசெட்ஸில் அதே பெயரில் ஓர் ஊரை அமைத்தார். ஆகவே உங்கள் மூதாதைக்குப் பக்கத்து நிலம் யாருடையது, அவருடைய உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து இட்டவர் யார், பிள்ளைகள் யார் வீட்டில் பெண் கொடுத்து எடுத்தார்கள், அனாதையான பிள்ளைக்குப் பாதுகாவலர் யார் என்று ஒரு தாளில் எழுதி, அவர்களுடைய சொந்த ஊர் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1845-இல் பாஸ்டனில் நிறுவப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தின் பெருங்குடியேற்ற ஆய்வுத் திட்டம், தொடக்ககாலக் குடியேறிகளைப் பற்றி இன்று கிடைப்பவற்றில் மிக நம்பகமானது. ஆபிரகாம் லிங்கனின் மூதாதையான சாமுவேல் லிங்கன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நார்ஃபோக்கின் ஹிங்ஹாமில் பிறந்த அவர், 1637-இல் நாரிச் நெசவாளர் ஒருவரின் பணியாளாக வந்து, பின்னர் அவ்வூர்க்காரர்களே நிறைந்திருந்த மாசசூசெட்ஸின் ஹிங்ஹாமில் குடியேறினார். அரிதாக எஞ்சிய பயணப் பட்டியல் ஒன்றில் அவர் வயது 18 என்று இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவோ 1622-ஆம் ஆண்டுடையது, அதன்படி அவருக்கு அப்போது சுமார் 15 வயதுதான். பட்டியலில் உள்ள வயதை மட்டும் நம்பித் தேடியிருந்தால் சரியான பதிவைத் தள்ளிவிட்டிருப்போம்.

நான்காம் படி: இங்கிலாந்தில் உயில்களிலிருந்து தொடங்குதல்

இங்கிலாந்துப் பக்கம் வந்தவுடன் எல்லோரும் ஞானஸ்நானப் பதிவேடுகளையே திறக்கிறார்கள். உயில்களிலிருந்து தொடங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஞானஸ்நானப் பதிவு ஒரு பெயரையும் ஒரு நாளையும் மட்டும் தரும். உயிலோ "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு" என்று சொல்லிவிடக்கூடும். 1858-க்கு முன் உயில்கள் தேவாலய நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்டன. அவற்றுள் உயர்ந்ததான கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் தேடலாம். சிறிய சொத்துள்ளவர்களின் உயில்கள் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டின் கதையைப் பார்த்தால் இந்தப் படியின் அருமை புரியும். 1637-இல் வந்து 1638-இல் சார்ல்ஸ்டவுனில் மறைந்த அவருடைய பெற்றோர் யார் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாமலே இருந்தது. லண்டனில் உயில்களைப் பொறுமையாகப் படித்துவந்த ஹென்றி வாட்டர்ஸ் 1885-இல் அதற்கு விடை வெளியிட்டார். தடயம் கிடைத்த இடம் ஹார்வர்டு என்ற பெயரில் இல்லை. லண்டனின் சவுத்வார்க் பகுதியில் கசாப்புக்கடை வைத்திருந்த தந்தை ராபர்ட் 1625-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இறந்தபின், தாய் கேத்தரின் மேலும் இருமுறை மணம் செய்துகொண்டார். ஆகவே 1635-இல் எழுதிய அவருடைய உயில் யியர்வுட் என்ற மூன்றாம் கணவரின் பெயரில் இருந்தது. அதில் தம் மூத்த மகன் 'ஜான் ஹார்வர்டு, கிளார்க்' என்பவருக்கு, அதாவது குருத்துவப் பயிற்சி பெற்றவருக்கு, குவீன்ஸ் ஹெட் என்ற விடுதியை அவர் எழுதிவைத்திருந்தார். சவுத்வார்க் பதிவேட்டிலோ 1607 நவம்பர் 29-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றவர் 'ஜான் ஹார்வி' என்றே எழுதப்பட்டிருக்கிறார். 1635-ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரம் ஒன்றில் ஜானும் தம்பி தாமஸும் இட்ட கையெழுத்தும் பின்னர் கிடைத்தது. ஜான் படித்த கேம்பிரிட்ஜில் அவர் இட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டபின் ஐயம் தீர்ந்தது.

ஆகவே குடும்பப்பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் தேடுங்கள். மறுமணம் செய்த தாயின் பெயர், அக்காள் தங்கையரின் கணவர்மாரின் பெயர், மாமனாரின் பெயர் ஆகியவற்றிலும் தேடுங்கள். மூதாதையின் கையெழுத்து எங்காவது எஞ்சியிருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்காலக் கையெழுத்தைப் படிப்பதற்கான இலவசப் பயிற்சியைக் கியூ காப்பகமே இணையத்தில் தருகிறது. சில வாரங்கள் பழகினால் உயில்களின் வழக்கமான தொடர்கள் கண்ணுக்குப் பழகிவிடும்.

ஐந்தாம் படி: தேவாலயப் பதிவேட்டில் கிடைத்த பெயரைச் சோதித்தல்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்ற ஆணை 1538-இல் பிறந்தது. அவற்றின் நகலை ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பும் முறை 1598-இல் வந்தது. மூலப் பதிவேடு அழிந்திருந்தால் அந்த நகலைக் கேளுங்கள். 1640-களின் உள்நாட்டுப் போர் முதல் 1660 வரை பல ஊர்களில் பதிவுகள் இடைவெளியோடுதான் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் தளத்தில் பல பதிவேடுகளின் அட்டவணை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் எல்லா ஊர்களும் அதில் இல்லை என்பதால், அதில் கிடைத்த ஒரே ஜான் ஸ்மித் உங்கள் ஜான் ஸ்மித் ஆகிவிட மாட்டார்.

பொருத்தமான பெயர் கிடைத்ததும், அவரை உங்களுடையவர் அல்லர் என்று நிறுவ முயலுங்கள். அதே ஊரின் அடக்கப் பதிவுகளைப் புரட்டி அவர் குழந்தையிலேயே இறந்துவிட்டாரா என்று பாருங்கள். உங்கள் மூதாதை அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் இந்தப் பெயருடையவர் இங்கிலாந்தில் திருமணம் செய்தாரா, பிள்ளை பெற்றாரா என்று பாருங்கள். மனைவியின் பெயர், மூத்த பிள்ளைகளின் ஞானஸ்நானம், கூட வந்தவர்களின் குடும்பங்கள் ஆகியவையும் அதே வட்டாரத்தில் தென்பட்டு, புறப்பட்ட ஆண்டுக்குப் பின் அக்குடும்பம் பதிவேட்டிலிருந்து மறைந்தால் நம்பிக்கை வலுப்பெறும்.

திரும்பிப் போனவர்களையும் நினைவில் கொள்ளுங்கள். 1640-களிலும் 1650-களிலும் பலர் தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். 1649-இல் பாஸ்டனில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அங்கிருந்து வெளியேறி, 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் திருமணம், அக்கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் 1680-இல் நடந்தது. பிறப்பு ஒரு கண்டத்திலும் திருமணம் மற்றொன்றிலும் பதிவாகியிருக்கும் இத்தகைய வாழ்க்கைகள் அக்காலத்தில் வியப்புக்குரியவை அல்ல.

ஆறாம் படி: பழைய அச்சு நூல்களையும் மரபணுச் சோதனையையும் பயன்படுத்துதல்

19-ஆம் நூற்றாண்டு இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் செல்வந்தர்களுக்காக அச்சிடப்பட்ட வம்ச வரலாறுகளை மிகுந்த எச்சரிக்கையோடு அணுகுங்கள். கஸ்டாவ் ஆஞ்சூ என்பவர் பணம் பெற்றுக்கொண்டு இல்லாத உயில்களையும் பதிவுகளையும் புனைந்து நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதினார். அவை இன்றும் இணைய மரங்களில் பரவிக் கிடக்கின்றன. பிரபுக் குடும்பத்தோடும் குலச் சின்னத்தோடும் தொடங்கும் எந்த வரலாற்றிலும், சொல்லப்படும் மூல ஆவணத்தை நீங்களே கண்ணால் பார்க்கும்வரை அதை ஏற்காதீர்கள்.

மரபணுச் சோதனைகளுள், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் சோதனையே இவ்வளவு பழைய தொடர்புக்கு ஏற்றது. பரவலாக விற்கப்படும் பொதுச் சோதனை பத்துத் தலைமுறைக்கு அப்பால் அதிகம் உதவாது. உங்கள் குடும்பத்தின் ஆண்வழி வாரிசு ஒருவரும், இங்கிலாந்தில் அதே பெயருள்ள குடும்பத்தின் ஆண்வழி வாரிசு ஒருவரும் ஒத்துப்போனால், தேட வேண்டிய மாவட்டம் தெளிவாகும். ஆனால் எந்த வீடு, எந்தத் தந்தை என்பதை ஆவணம் மட்டுமே சொல்லும்.

இவ்வளவையும் செய்யும்போது, தேடிக் கிடைக்காதவற்றையும் எழுதி வையுங்கள்: எந்த ஊரின் பதிவேடு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன, குடும்பப்பெயரின் எந்தெந்த எழுத்து வடிவங்களைப் பார்த்தீர்கள் என்பவை உங்கள் குறிப்பேட்டில் நாளோடு இருக்க வேண்டும். மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதும்போது அந்தப் பட்டியலையும் இணைத்து, ஊர், ஆண்டு, ஆவண வகை ஆகிய மூன்றையும் குறித்து ஒரே ஒரு கேள்வி கேட்டால், அங்குள்ள பணியாளர்கள் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதை உடனே அறிந்துகொள்வார்கள்.