அமிலத் தண்ணீரில் இலை எவ்வளவு மெதுவாக மட்கும்? வாளியில் பார்த்துவிடலாம்

அமிலத்தில் இலை சீக்கிரம் கரைந்துவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. எலுமிச்சை ஊறுகாய் கெடாமல் இருக்கிறதே, அந்தக் கதைதான்: ஏரியில் விழுந்த இலையை மட்க வைப்பவை பூஞ்சை, பாக்டீரியா, சின்னப் பூச்சிகள், நத்தைகள்; பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5-ஐ நெருங்கினால் இவற்றில் பல தாங்காது.

மூன்று வாளி ஏரித் தண்ணீர் எடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். ஒரே மரத்திலிருந்து தானாக உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஒரு வாரம் நிழலில் காயப்போடுங்கள். பூவரசு போதும், பாதாம் இலை மட்டும் வேண்டாம், அந்த இலையே தண்ணீரைப் புளிக்க வைக்கும் என்பது மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். நகைத் தராசில் 2 கிராம் வீதம் நிறுத்து, கொசுவலைத் துண்டில் வைத்துத் தைத்து, வாளிக்கு ஒன்பது பை போடுங்கள். மீன்தொட்டிக் காற்றுக்குழாயும் ஓடட்டும், ஆக்சிஜன் தீர்ந்தாலும் மட்குவது மந்தமாகும், அப்புறம் பழி அமிலத்தின் மேல் விழும்.

ஒரு வாளி அப்படியே இருக்கட்டும், மற்றவை பிஎச் 6, 5. (ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு.) பலர் வினிகர் ஊற்றிக் கோட்டைவிடுவது இங்கேதான்: நுண்ணுயிர்கள் அதையே தின்றுவிடும், பிஎச் மறுபடி ஏறிவிடும். நீர்த்த கந்தக அமிலம்தான் சரி, ஆனால் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் கையால். அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் லிட்டில் ராக் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, 1985 முதல் 1990 வரை ஒரு பாதியில் இந்த அமிலத்தைத்தான் விட்டு, பிஎச்சை 6.1-லிருந்து 4.7 வரை இறக்கினார்கள். நம் வாளியில் கார்பனேட் இருந்தால் அமிலத்தை அது விழுங்கும், அதனால் இரண்டு நாளுக்கொருமுறை அளந்து சரிசெய்யுங்கள்.

3-ம் நாள், 31-ம் நாள், இரண்டு மாதம் கழித்து, மும்மூன்று பையாக எடுத்து, அலசி, காயவைத்து நிறுங்கள். முதல் மூன்று நாளில் குறையும் எடை பெரும்பாலும் சாயம் இறங்குவதுதான், அதனால் கணக்கை 3-ம் நாளிலிருந்து தொடங்குங்கள். அன்று 1.8 கிராம், 31-ம் நாள் 1.4 என்றால், 1.8-ஐ 1.4-ஆல் வகுத்து, இயல்மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, இடைப்பட்ட 28 நாளால் வகுங்கள்: மட்கும் வேகம் நாளுக்குச் சுமார் 0.009. மூன்று வாளிக்கும் இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

வாளியில் பூச்சிகளின் பங்கு தெரியாது. அதற்கு ஏரியிலேயே கொசுவலைப் பை ஒன்றும் வெங்காய மூட்டை வலைப் பை ஒன்றும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பெரிய கண் வலையில் கூடுதலாகக் குறைந்த எடைதான் பெரும்பாலும் பூச்சிகள் தின்றது.