குளிருக்கு உங்க ஆள் மேல கோவம் எதுவும் இல்ல: சர்வைவல் கதை எழுதப் போறவங்களுக்கு

நான் முதல்முதலா எழுதின சர்வைவல் கதைல ஒருத்தன் படகோட நடுக்கடல்ல மாட்டிக்குவான், அலை வாயைப் பிளக்கும், காத்து வெறி பிடிச்சு அலறும், இடி சிரிக்கும், கடைசில அவன் செத்ததும் வானம் வேற அழும். படிச்ச ஃப்ரெண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "ஏன்டா, கடலுக்கு இவன் மேல அப்படி என்னடா காண்டு?" எனக்கு பதில் தெரியல. அப்புறம் கொஞ்ச வருஷம் இந்த மாதிரி கதைகளா தேடிப் படிச்சதுல புரிஞ்சதை இங்க எழுதுறேன், நீங்களாவது முதல் டிராஃப்ட்லயே தப்பிச்சுக்கோங்க.

இயற்கைக்கு மனுஷன் மேல கோவமும் இல்ல பாசமும் இல்லங்கற மாதிரி எழுதுறதுக்கு இயல்புவாதம்னு பேரு. ஃப்ரான்ஸ்ல எமில் ஸோலாங்கற நாவலாசிரியர் 1880-ல ஒரு பெரிய கட்டுரையே எழுதி வச்சாரு, லேப்ல சோதனை பண்ற மாதிரி மனுஷனை ஒரு சூழ்நிலைல போட்டு என்ன ஆகுதுன்னு பாருன்னு. தியரி இவ்ளோ போதும். எழுதக் கத்துக்க எனக்கு உதவினது ரெண்டே ரெண்டு அமெரிக்கக் கதைங்க, ஜாக் லண்டனோட 'டு பில்ட் எ ஃபயர்', ஸ்டீஃபன் கிரேனோட 'தி ஓபன் போட்'. ரெண்டுக்கும் காப்பிரைட் எப்பவோ முடிஞ்சிடுச்சு, தேடினா ஃப்ரீயாவே கிடைக்கும்.

முதல் வேலையா லண்டன் கதையை ரெண்டு வெர்ஷனும் எடுத்து பக்கத்து பக்கத்துல வச்சு படிங்க. ஆமா, அவரே அதை ரெண்டு தடவை எழுதியிருக்காரு. 1902-ல பசங்க படிக்கிற பத்திரிகைக்கு எழுதினதுல ஹீரோவுக்கு டாம் வின்சென்ட்னு பேர் இருக்கு, குளிர்ல மாட்டுறான், எப்படியோ தீ மூட்டி பொழைச்சு, இனிமே தனியா போகக்கூடாதுன்னு பாடம் கத்துக்கிறான். 1908-ல திரும்ப எழுதினப்போ பேரைத் தூக்கிட்டாரு, ஒரு நாயைச் சேர்த்தாரு, ஆளைச் சாகடிச்சாரு. முதல் கதைல குளிர் ஒரு வாத்தியார், பாடம் நடத்திட்டு விட்டுடுது. ரெண்டாவதுல குளிர் வெறும் குளிர். உங்க கதைல இயற்கை யாருக்காவது பாடம் நடத்துதான்னு முதல்ல செக் பண்ணுங்க.

அடுத்தது அடைமொழி. 'இரக்கமில்லாத குளிர்'னு சாதாரணமா எழுதிடுறோம், ஆனா அப்படி எழுதினா குளிருக்கு இரக்கம்னு ஒண்ணு இருந்திருக்கலாம், காட்டல, அவ்ளோதான்னு ஆயிடுது. 'அலட்சியம்'கூட கொஞ்சம் ஓவர்தான், அலட்சியப்படுத்தணும்னா முதல்ல உங்களை ஒரு ஆளா பாத்திருக்கணுமே. அதனால அடைமொழியை அடிச்சுட்டு அந்த இடத்துல அளவைப் போடுங்க. லண்டன் கதைல அது மைனஸ் 75 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல கிட்டத்தட்ட மைனஸ் 59 டிகிரி. இதை எப்படி காட்டுறாருன்னா, அவன் எச்சில் துப்புறான், அது தரையில விழுறதுக்கு முன்னாடியே காத்துலயே படக்குன்னு வெடிக்குது. இந்த ஒரு வரிக்கு முன்னாடி 'எலும்பை உறைய வைக்கும்' எல்லாம் சும்மா. லண்டன் இதை ரூம்ல உக்காந்து யோசிக்கல, 1897-ல 21 வயசுல தங்கம் தேடி கனடாவுல க்ளோண்டைக் பக்கம் போய் ஒரு குளிர்காலம் முழுக்க அங்க கிடந்து, வைட்டமின் சி இல்லாம வர்ற ஸ்கர்வி நோய் வந்து திரும்பினவரு.

இப்ப முக்கியமான விஷயம், ஆபத்து எங்கேர்ந்து வருதுங்கறது. லண்டன் கதைல அந்த ஆள் நடந்து போற ஓடை உறைஞ்சுதான் கிடக்கு, ஆனா மலைச்சரிவுல ஊறுற ஊத்துத் தண்ணி எந்தக் குளிர்லயும் உறையாம பனிக்கு அடியில ஓடிட்டிருக்கும், மேல மெல்லிசா ஒரு ஐஸ் தோல். அதுல கால் வச்சு முழங்காலுக்குப் பாதி வரைக்கும் நனைஞ்சுடுறான். உடனே காய வைக்கலன்னா கால் போச்சு, அதனால தீ மூட்டுறான். எங்க மூட்டுறான்? ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்கு அடியில, ஏன்னா அங்க சுள்ளி கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, இழுத்து இழுத்து நேரா தீயில போட்டுக்கலாம். மரத்து மேல வாரக்கணக்கா சேர்ந்த பனி. ஒவ்வொரு சுள்ளி இழுக்கும்போதும் மரம் லேசா ஆடுது, உச்சிக்கிளை ஒண்ணு தன் பாரத்தைக் கீழ்க்கிளைல கொட்டுது, அது அதுக்குக் கீழ இருக்கறதுல, அப்படியே மொத்தமும் சரிஞ்சு தீ மேல. முடிஞ்சது. இதுல விதி, சாபம், சதி எதுவும் இல்ல பாருங்க, பாரம் இருக்கு, ஆட்டம் இருக்கு, அவனோட ஒரு சின்ன சோம்பேறித்தனம் இருக்கு.

உங்க கதையோட விபத்தையும் இப்படி ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிப் பாருங்க, இதனால இது, இதனால இதுன்னு. நடுவுல எங்கயாவது 'திடீர்னு' வந்துச்சுன்னா அந்த இடம் ஓட்டை. உடம்பையும் இதே மாதிரிதான் எழுதணும். உடம்பு நடுப்பகுதியைக் காப்பாத்த கை கால்ல ரத்த ஓட்டத்தைக் குறைச்சுடும், அதனால விரல் மரத்துப் போகும், அதனால ஒரு தீக்குச்சியைத் தனியா பிரிச்சு எடுக்க முடியாது, அதனால அவன் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல மொத்தத் தீக்குச்சிக் கட்டையும் வச்சு 70 குச்சியையும் ஒரே நேரத்துல கொளுத்துறான், தன் சதை கருகுற வாசனை அவனுக்கே வருது. இப்படி எழுதினா பயமா இருந்துச்சுன்னு நீங்க தனியா சொல்ல வேண்டிய தேவையே வராது.

நாய் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நம்ம பழைய படமா இருந்தா பாம்பு குரங்கு யானை எல்லாம் வந்து காப்பாத்தும், நாய் ஊருக்கு ஓடி ஆளைக் கூட்டிட்டு வரும். இங்க அந்த நாய் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்குது, கிட்ட போய் சாவு வாசனை புடிக்குது, கொஞ்சம் ஊளையிடுது, அப்புறம் சோறும் தீயும் தர்ற வேற ஆளுங்க இருக்குற கேம்ப் பக்கம் நடையைக் கட்டுது.

யாரைச் சாகடிக்கிறதுங்கறதுலயும் நாம சீட்டிங் பண்ணுவோம். கிரேன் கதை அவருக்கே நடந்தது. க்யூபாவுக்கு ஆயுதம் ஏத்திட்டுப் போன கமடோர்ங்கற கப்பல் 1897 ஜனவரி 2-ல ஃப்ளோரிடா பக்கத்துல மூழ்குது, அவரோட சேர்த்து நாலு பேர் பத்தடி நீளப் படகுல. கதைல கேப்டனுக்கு அடிபட்டிருக்கு, இஞ்சின்ல எண்ணெய் போடுற ஆயிலர்தான் நல்லா துடுப்பு போடுறவன், பலசாலி. கரைக்குப் பக்கத்துல படகு கவிழும்போது எல்லாருக்கும் முன்னாடி வேகமா நீந்துறதும் அவன்தான். செத்தது அவன் மட்டும்தான். நிஜத்துலயும் அப்படித்தான் ஆச்சு. கவிழ்ந்த படகைப் புடிச்சுத் தொங்கின கேப்டன் பொழைச்சுட்டாரு. உடனே, சரி நல்லவனைக் கொன்னுடலாம்னு கிளம்பாதீங்க, அதுவும் ஒரு கணக்குதான், வாசகன் பாதியிலயே கண்டுபிடிச்சுடுவான். கவிழுற நேரத்துல யார் எந்தப் பக்கம் இருந்தாங்க, யார் கைல என்ன இருந்துச்சுன்னு ஒரு படம் வரைஞ்சுட்டு அதை வச்சு முடிவு பண்ணுங்க.

கிரேன் கதைல இன்னொரு சீன், கரையில ஒருத்தன் கோட்டைக் கழட்டி சுத்திக் காட்டுறான், இவங்க உயிரைக் கைல புடிச்சுக்கிட்டு அது என்ன சிக்னல்னு மண்டையைப் பிச்சுக்கிறாங்க, கரைல இருக்குறவங்க பாட்டுக்கு இவங்க ஜாலியா மீன் புடிக்க வந்திருக்காங்கன்னு நினைச்சிருப்பாங்க போல. கடலை விட இது கொடுமை. மனுஷனையும் இப்படி உபயோகப்படுத்தலாம், செலவே இல்லாத ட்ரிக்.

அப்ப உருவகமே கூடாதான்னு கேப்பீங்க. கேரக்டர் பேசலாம், தாராளமா. மாட்டிக்கிட்டவன் கடலைத் திட்டுவான், சாமியைத் திட்டுவான், கெஞ்சுவான். கிரேனோட ஆள் கோவில் மேல செங்கல் எறியணும்னு துடிக்கிறான், எறிய செங்கலும் இல்ல, கோவிலும் இல்ல. அந்தக் கோவம் அவனுக்கு இருக்கட்டும், கதை சொல்ற நீங்க கூட சேர்ந்து கோவப்படாதீங்க. கேரக்டர் வாயில 'பாழாப்போன கடலே' ஓகே, உங்க வாக்கியத்துல அலை நாலடி, ரெண்டு அலைக்கு நடுவுல எவ்ளோ நேரம், அது மட்டும்.

தெரியாத ஊர்ல கதையை வைக்காதீங்க, லண்டன் கதை நடக்குற யூகான் பனியெல்லாம் பாத்தவன் எழுதட்டும். நம்ம கடல்னா நம்ம கடல், ஆனா அதுக்கும் விசாரிக்கணும். பேய்க்காத்துன்னு ஒரே வார்த்தைல முடிக்கிறோம், கடக்கரைல வாடை, கொண்டல் (கிழக்கேர்ந்து வர்றது, நம்ம கிழக்குக் கரைல கடல்லேர்ந்து கரைப்பக்கம் அடிக்கும்), சோழகம், கச்சான்னு ஒவ்வொரு திசைக் காத்துக்கும் ஒரு பேர் இருக்கு, எந்தக் காத்துன்னு தெரிஞ்சாத்தான் படகு எந்தப் பக்கம் போகும்னே உங்களுக்குத் தெரியும்.

என் பழைய கதையை இந்த மாதிரி திருத்திட்டு அதே ஃப்ரெண்டுக்குத் திரும்ப அனுப்பினேன், இடி சிரிக்கிறது, வானம் அழுறது எல்லாம் தூக்கினதுல பதினோரு பக்கம் ஆறாயிடுச்சு. இந்தத் தடவை அவன் கேட்டது, "கொண்டல்னு எழுதியிருக்க, அப்ப படகு கரைப்பக்கம்தானடா வரணும், எப்படி உள்ள போச்சு?" திரும்ப உக்காந்திருக்கேன்.